ஆயாவின் பல் செட்டும் பேரனின் பால் பற்களும்

கேள்வி: டாக்டர் மேடத்துக்கு வணக்கம். நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். என் மாமியாருக்கு 67 வயது. மேலும் கீழும் முழு பல் செட், போட்டு 7 வருஷம் ஆகிறது. ராத்திரியும் கழற்றுவதில்லை. 12 வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. வீசிங்குக்கு பம்ப் அடிக்கிறார். செட்டைக் கழற்றிப் பார்த்தால் மேலண்ணம் செட்டின் வடிவத்திலேயே செக்கச்செவேல் என்று இருக்கிறது. வாயின் இரண்டு ஓரமும் வெடித்து எரிகிறது. உடம்புச் சூடு என்று நினைத்து மணத்தக்காளி சமைத்துக் கொடுத்தேன். அப்புறம் மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் போட்டோம், அதிகமானது. பிறகு பூஞ்சைக்கு என்று ஃப்ளூகோனசோல் கொடுத்தார்கள். அந்த வாரத்தில் ஒரு நாள் விடியற்காலையில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, தலை சுற்றியது. காபி குடித்ததும் சரியானது. வாய் பத்து நாள் நன்றாக இருந்தது, மறுபடி அதே சிவப்பு. இதற்கிடையில் என் மகனுக்கு, மூன்றரை வயது, மேல் முன்பற்கள் நான்கும் பழுப்பாகிக் கரைகின்றன. ஆயா வாயில் மசித்து ஊட்டித்தான் கிருமி ஒட்டிக்கொண்டது என்று என் அம்மா சொல்கிறார். ஒரு மாதமாக அத்தையைப் பிள்ளைக்கு ஊட்ட விடுவதில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். இருவருக்கும் இருப்பது ஒரே கிருமியா? நான் செய்வது சரிதானா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தில் அதுதான் கனமாக இருக்கிறது. ஊட்டும் வேலையை அத்தையிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், இன்றைக்கே. வாயில் மென்று கொடுப்பதையும் ஸ்பூனை வாயில் வைத்துச் சூடு பார்ப்பதையும் மட்டும் நிறுத்தினால் போதும். அதையும் அவரிடம் மட்டும் சொல்லாமல் வீட்டில் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள், உங்களுக்கும் சேர்த்து. பல் சொத்தைக் கிருமியின் ரகத்தை ஆய்வகத்தில் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் தாயின் வாயிலும் பிள்ளையின் வாயிலும் ஒரே ரகம் இருப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். உங்கள்மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. ஒரு கூரையின் கீழ் வாழ்கிறவர்கள் கிருமியைப் பகிர்ந்துகொள்ளத்தான் செய்வார்கள். கிருமி வந்து சேர்வது ஒரு விஷயம். அது வீடு கட்டிக் குடியேறுவது இன்னொரு விஷயம். பல் கரைவதும் அண்ணம் சிவப்பதும் இரண்டாவதால் வருகிற வினை.

ஒரே கிருமியா என்றால், பாதி ஆமாம். இரண்டு வாயிலும் ஒரே பூஞ்சை இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அது சேர்ந்திருக்கிற பாக்டீரியாக்கள்தான் இடத்துக்கு இடம் மாறுகின்றன. இரண்டு தொல்லைக்கும் அடியில் இருப்பது ஒரே சங்கதி. பாக்டீரியாவும் பூஞ்சையும் தனித்தனியாக இல்லாமல் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. அந்த வீட்டை இடிக்காமல் குடியிருப்பவர்களில் ஒருவரை மட்டும் விரட்டப் பார்த்தீர்கள். அதனால்தான் பத்து நாளில் எல்லாம் பழையபடி ஆனது.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஏன் என்று புரியாமல் செய்கிற எதையும் நாம் ஒரு வாரத்துக்கு மேல் செய்வதில்லை.

மெட்ரோ வாட்டர் பிடித்து வைக்கிற டிரம் உங்கள் வீட்டில் இருக்கும். தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்த நாளில் அதன் உள்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குச் சுத்தமாகத்தான் தெரியும், விரலுக்கு வழவழவென்று இருக்கும். தண்ணீர் ஊற்றி அலசினால் அது போகாது. நார் போட்டு அழுத்தித் தேய்த்தால்தான் போகும். அந்த வழவழப்புக்குப் பெயர் பயோஃபிலிம், தமிழில் உயிர்ப்படலம் என்கிறோம். நுண்ணுயிர்கள் ஒரு பரப்பில் ஒட்டி, தாங்களே பசையைச் சுரந்து, அந்தப் பசைக்குள் அடுக்கடுக்காக வாழ்கிற குடியிருப்பு அது. காலையில் பல் துலக்குவதற்கு முன் நாக்கால் பல்லைத் தடவினால் தட்டுப்படுகிற மெழுகுப் பூச்சும் அதுவேதான். பல் செட்டின் உள்பக்கத்தில் படிவதும் அதுதான்.

இதை முதலில் கண்ணால் பார்த்தவர் பல் மருத்துவர் அல்ல, ஒரு துணி வியாபாரி. துணிக்கடைகள் நிறைந்த நம் எம்.சி. ரோட்டுக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஹாலந்தில் இருந்த லேவன்ஹூக், 1683-ல் தன் பல் இடுக்கிலிருந்த மாவு போன்ற அழுக்கைத் தானே செய்த லென்ஸில் வைத்துப் பார்த்தார். அதில் துள்ளி ஓடுகிற குட்டி உயிர்களைக் கண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். வினிகரால் வாய் கொப்பளித்துவிட்டு மறுபடி பார்த்தபோது, அழுக்கின் வெளிப்பக்கத்தில் இருந்தவை மட்டும் செத்திருந்தன, வினிகர் உள்ளே போகவே இல்லை. அதையும் அவர் எழுதி வைத்தார். 340 வருஷத்துக்கு முன் அவர் பார்த்ததைத்தான் இப்போது அத்தையின் வாயில் மாத்திரை போட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வெளியே இருப்பது சாகும், உள்ளே இருப்பது தப்பிக்கும்.

பூஞ்சை இதில் எங்கே வருகிறது? கேண்டிடா அல்பிகன்ஸ் என்பது அதன் பெயர். பயப்பட வேண்டாம், நல்ல ஆரோக்கியமான எத்தனையோ பேர் வாயில் அது சத்தமில்லாமல் இருக்கிறது. அதற்கு இரண்டு உருவம் உண்டு. ஒன்று, உருண்டையான ஈஸ்ட் செல். தோசை மாவைப் பொங்க வைக்கிற நுண்ணுயிர்க் கூட்டத்திலும் ஈஸ்ட்டுகள் இருக்கின்றன, கிட்டத்தட்ட அப்படி ஒரு உருவம். இன்னொன்று நூல். சூழ்நிலை சாதகமானால் அந்த உருண்டையிலிருந்து நூல் நூலாக நீண்டு வளரும். அந்த நூலுக்கு ஒட்டும் தன்மை அதிகம், சதைக்குள்ளும் நுழையும். பாக்டீரியாவோ நூலைவிடப் பல மடங்கு சிறியது. கான்கிரீட் போடும்போது கம்பி கட்டி, அதன்மேல் கலவையைக் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பூஞ்சை நூல் கம்பி, பாக்டீரியா சுரக்கிற பசை கலவை. இரண்டும் சேர்ந்தால் கிடைக்கிற உறுதி, தனித்தனியே இரண்டுக்கும் கிடையாது.

குழந்தையின் பல்லில் இந்தக் கூட்டு எப்படி நடக்கிறது என்பது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. பல் சொத்தைக்குப் பேர்போன பாக்டீரியா ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். நாம் போடுகிற சர்க்கரையை வைத்து அது குளுக்கன் என்கிற பிசினைத் தயாரிக்கும். அந்தப் பிசினைத் தயாரிக்கிற என்சைம் பாக்டீரியாவை விட்டு வெளியே வந்து பூஞ்சையின் மேல்தோலில் போய் ஒட்டிக்கொள்கிறது. சர்க்கரை கிடைத்ததும் பூஞ்சையின் உடம்பின் மேலேயே பிசின் உருவாகிறது. சர்க்கரை இல்லாதவரை இந்த இரண்டும் ஒன்றோடொன்று பெரிதாக ஒட்டுவதில்லை. சர்க்கரை வந்தால் விடாமல் பிடித்துக்கொள்கின்றன. அதோடு, வெள்ளைச் சர்க்கரையை நேரடியாகப் பயன்படுத்துவதில் பூஞ்சைக்குத் திறமை குறைவு. பாக்டீரியா அதை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்துக் கொடுத்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பதிலுக்குப் பூஞ்சை விடுகிற சில பொருட்கள் பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தூண்டுகின்றன. இருவருமே அமிலத்தைச் சுரப்பவர்கள், அமிலத்தைத் தாங்குபவர்கள். அடியில் மாட்டிக்கொண்ட பல் எனாமல்தான் கரைகிறது.

ஹ்யூன் கூ என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் 2014-ல் இதை எலிகளில் காட்டினார்கள். சர்க்கரை கலந்த தீனியோடு ஒரு கிருமியை மட்டும் கொடுத்த எலிகளைவிட, இரண்டையும் சேர்த்துக் கொடுத்த எலிகளுக்குப் பல் மிக மோசமாகச் சொத்தையானது. 2022-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இதே குழுவினர், கடுமையான சொத்தை உள்ள சின்னப் பிள்ளைகளின் எச்சிலை எடுத்து நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்த்தார்கள். பாக்டீரியாவும் பூஞ்சையும் கொத்துக் கொத்தாகச் சேர்ந்திருந்தன. சேர்ந்திருந்தது மட்டுமல்ல, அந்தக் கொத்துகள் நகர்ந்தன. நகரத் தெரியாத பாக்டீரியாவைத் தன் மேல் ஏற்றிக்கொண்டு, பூஞ்சை நூல் கால் நீட்டுவதுபோல நீண்டு, மணிக்கு 40 மைக்ரானுக்கு மேல் முன்னேறியது (ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரான்). சில கொத்துகள் 100 மைக்ரான் தூரம் தாவின, ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன் அளவு. பல்லின் மேல் அது சின்ன தூரம் இல்லை, ஒரு கிருமிக்கு அடுத்த ஊர். தனித்தனியே இருப்பதைவிட இந்தக் கொத்துகள் கிருமிக்கொல்லி மருந்துக்கும் தேய்ப்புக்கும் அதிகம் தாக்குப்பிடித்தன. அந்தப் பதிவை முதலில் பார்த்த அன்று, எத்தனை தாய்மார்களிடம் நான் வெறுமனே "பிரஷ் பண்ணலையா?" என்று கேட்டிருக்கிறேன் என்று நினைத்து வருத்தப்பட்டேன்.

அத்தையின் மேலண்ணத்துக்கு வருவோம். செட்டின் வடிவத்திலேயே சிவப்பு என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு வரியே பாதி நோயறிதல். செட் செய்கிற அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக் கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் நுண்ணிய துளைகள் கொண்டது. 7 வருஷம் ஆன செட்டில் கீறலும் சொரசொரப்பும் இன்னும் அதிகம். என் கிளினிக்கில் காசிமேட்டில் மீன் விற்கிற ஓர் அம்மா இதே தொல்லையோடு வந்தார். "தினமும் பேஸ்ட் போட்டுக் கழுவறேன் டாக்டர், பளபளன்னு இருக்கு பாரு" என்று செட்டை நீட்டினார். பளபளப்பாகத்தான் இருந்தது. படலத்தைக் காட்டுகிற ரோஸ் நிறச் சாயத்தைச் சொட்டுவிட்டுத் தண்ணீரில் அலசினேன். நாக்குப் படுகிற பக்கம் சாயம் ஓடிப்போனது. அண்ணத்தில் உட்கார்கிற உள்பக்கம் முழுக்க, ஓரத்திலிருந்து ஓரம்வரை, வரைபடம் போட்டதுபோல ரோஸாக நின்றது. அந்த அம்மா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈர விரலால் துடைத்தார், போகவில்லை. பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்தேன், பத்துப் பன்னிரண்டு தேய்ப்பில் போனது. அதற்குமேல் நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வாய் ஓரம் வெடிப்பதும் இதே கதைதான். மடிப்பில் எச்சில் தேங்கி ஊறுகிற இடத்தில் கேண்டிடாவும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். பூஞ்சை நூலின் மேலிருக்கிற ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு அந்த பாக்டீரியா ஏறி உட்காரும். நூல் சதைக்குள் போகும்போது தானும் போகும். செட் தேய்ந்து உயரம் குறைந்துவிட்டால் வாய் அதிகம் மூடி மடிப்பு ஆழமாகும். அத்தைக்கு அப்படி ஆகியிருக்கிறதா என்று நேரில் பார்த்தால்தான் தெரியும். இரும்புச்சத்தும் பி வைட்டமினும் குறைந்தாலும் இப்படி வெடிக்கும், ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துவிடுவது நல்லது. மணத்தக்காளியை நிறுத்த வேண்டாம், எரிச்சலுக்கு இதமாக இருக்கும், ஆனால் படலத்தை அது தொடாது.

மருந்து ஏன் பலிக்கவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். ஆன்டிபயாடிக் பூஞ்சையைக் கொல்லாது. அதற்குப் போட்டியாக இருந்த நல்ல பாக்டீரியாக்களைக் கொன்று பூஞ்சைக்கு இடம் காலி செய்து கொடுத்தது. அப்புறம் போட்ட ஃப்ளூகோனசோல் அண்ணத்துச் சதையில் இருந்ததைக் கொன்றது, பத்து நாள் நிம்மதி. செட்டுக்குள் இருந்ததை ரத்தத்தின் வழியாகப் போகிற மாத்திரை எப்படித் தொடும்? செட்டுக்கு ரத்த ஓட்டம் கிடையாதே. மறுபடி வாயில் மாட்டியதும் விதை விழுந்தது. பாக்டீரியாவின் பிசின் ஃப்ளூகோனசோலைப் பிடித்து வைத்துக்கொண்டு பூஞ்சையிடம் போகவிடாமல் தடுப்பதையும் ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். பாக்டீரியா கட்டிய சுவர் பூஞ்சைக்குக் கேடயம்.

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. அந்த விடியற்காலை வியர்வையும் நடுக்கமும் சாதாரண மயக்கம் என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரைக்கு அத்தை சாப்பிடுவது கிளிமெபிரைடோ கிளிபென்கிளமைடோ அந்த வகை மாத்திரையாக இருந்தால், ஃப்ளூகோனசோல் சேரும்போது அது உடம்பில் அதிக நேரம் தங்கி ரத்தச் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். காபி குடித்ததும் சரியானது என்றால் அதுவாகவே இருக்கலாம், காபியில் சர்க்கரை இருந்திருக்கும். இப்போது சாப்பாட்டையும் குறைத்திருக்கிறார், அது ஆபத்தைக் கூட்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கும் இந்த மாத்திரை வில்லங்கம், வாயில் தடவுகிற மைகோனசோல் ஜெல்கூட வில்லங்கம்தான். மெடிக்கலில் சொல்லி வாங்கிப் போடுவது இதோடு போதும். சர்க்கரை டாக்டரிடம் அட்டைகளைக் கொண்டுபோய்க் காட்டி அந்தக் காலை நடந்ததை அப்படியே சொல்லுங்கள்.

சரி, என்ன செய்வது?

முதல் காரியம், ராத்திரி செட்டைக் கழற்ற வேண்டும். தினமும், தவறாமல். மாத்திரையைவிட இது பெரிய மருந்து. ராத்திரியில் எச்சில் சுரப்பு குறையும், செட்டுக்கு அடியில் எச்சில் போகவே போகாது, படலத்துக்கு அதைவிட நல்ல சூழ்நிலை கிடையாது. வாயோடு நிற்கிற விஷயமும் இல்லை. ஜப்பானில் 85 வயதைத் தாண்டிய 524 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015-ல் வெளியான ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. செட்டில் இருப்பது தூக்கத்தில் எச்சிலோடு மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. வீசிங் உள்ள ஒருவருக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் அவர் ஏன் கழற்றுவதில்லை என்று கேட்டீர்களா? என்னிடம் வருகிற அம்மாக்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள், பல் இல்லாத முகத்தை மருமகனோ மகனோ பேரப்பிள்ளையோ பார்த்துவிடக் கூடாது என்று. ஒரே அறையில் எல்லோரும் படுக்கிற வீடு, கழற்றி வைக்க ஓர் இடம் கிடையாது, கரப்பான் ஏறிவிடும் என்று பயம். மூடி போட்ட ஒரு டப்பா வாங்கி அவர் தலைமாட்டில் வைத்துவிடுங்கள். அவர் கழற்றும்போது யாரும் எதுவும் சொல்லாமல், பார்க்காதமாதிரி இருக்க வேண்டும். இது மருத்துவக் குறிப்பு இல்லை என்று தோன்றலாம். என் அனுபவத்தில் செட் கழற்றப்படுவதும் படாததும் இதில்தான் இருக்கிறது.

கழற்றியதும் தேய்க்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் வைத்து அதற்கு மேலே பிடித்துக்கொண்டு தேய்க்கச் சொல்லுங்கள், கைதவறினாலும் உடையாது. மென்மையான பிரஷ், பாத்திரம் கழுவுகிற லிக்விட் ஒரு சொட்டு. பேஸ்ட் வேண்டாம், அதிலுள்ள பொடி அக்ரிலிக்கைக் கீறும், கீறலில்தான் கிருமி ஒளியும். வெந்நீர் வேண்டவே வேண்டாம், செட் வளைந்துவிடும். உள்பக்கத்தைத்தான் அதிக நேரம் தேய்க்க வேண்டும், எல்லோரும் வெளிப்பக்கத்தைத் தேய்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். அப்புறம் செட் சுத்தம் செய்கிற மாத்திரை போட்ட தண்ணீரில் அட்டையில் சொன்ன நேரம் ஊறவைத்து, காலையில் நன்றாக அலசி மாட்டலாம். பல் இல்லாத ஈறையும் அண்ணத்தையும் நாக்கையும் ஈரத்துணி சுற்றிய விரலால் தினம் இரண்டு முறை துடைக்கச் சொல்லுங்கள். பல் இல்லாத வாய்க்கும் தேய்ப்பு வேண்டும்.

வாய்க்குள் தடவ நிஸ்டாடின் திரவமோ குளோட்ரிமசோல் வாய்ப் பெயிண்டோ டாக்டர் எழுதிக் கொடுப்பார். செட்டைக் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும், சிவப்பு மறைந்த பிறகும் சொன்ன நாள்வரை தொடர வேண்டும். கூடவே குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷும் கொடுத்தால் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதையும் நிஸ்டாடினையும் அடுத்தடுத்து போட்டால் ஒன்றின் வேலையை மற்றது கெடுத்துவிடும். நடுவில் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று கேளுங்கள்.

பம்ப் அடித்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், ஒவ்வொரு முறையும். அதில் ஸ்டீராய்டு இருந்தால் அண்ணத்தில் படிகிற கொஞ்சம் மருந்து அந்த இடத்தின் எதிர்ப்பைக் குறைத்துப் பூஞ்சைக்கு வழிவிடும். பம்ப்பின் முனையில் மாட்டுகிற ஸ்பேசர் என்ற குழாயைப் போட்டு அடித்தால் வாயில் படிவது இன்னும் குறையும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் எச்சிலிலும் குளுக்கோஸ் கூடும், வாயும் வறளும். மூன்று மாதச் சராசரியைப் பார்க்கிற ஹெச்பிஏ1சி எப்போது எடுத்தார் என்று பாருங்கள். இதெல்லாம் செய்து மூன்று நான்கு வாரத்தில் தேறவில்லை என்றால் 7 வருஷச் செட்டுக்கு உள்பக்கத்தைப் புதிதாக்க வேண்டும், அல்லது செட்டையே மாற்ற வேண்டும். முத்துசாமி சாலையில் இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதைக் காட்டலாம், பீச் ஸ்டேஷனுக்கு அடுத்த நிறுத்தமான கோட்டையில் இறங்கினால் எதிரே. ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் பல் பிரிவு இருக்கிறது.

பிள்ளையின் பல்லைப் பற்றி எழுதும்போது ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள், அவன் எப்படித் தூங்குகிறான் என்று. மேல் முன்பற்கள் நான்கும் போய், கீழ்ப்பற்கள் நன்றாக இருந்தால், நூற்றுக்குத் தொண்ணூறு நான் ஊகிப்பது, சர்க்கரை போட்ட பால் புட்டியோடு தூங்குகிறான் என்றுதான். உறிஞ்சும்போது கீழ்ப்பற்களை நாக்கு மூடிக்கொள்கிறது, பக்கத்திலேயே எச்சில் சுரப்பியும் இருக்கிறது. மேல்பற்களுக்கு அந்தக் காவல் இல்லை. விடியும்வரை அங்கே சர்க்கரைக் குளம். முன்னே சொன்ன பிசின் வேலை முழுக்க அங்கேதான் நடக்கிறது. வாயில் கேண்டிடா உள்ள பிள்ளைகளுக்கு இந்த வகைச் சொத்தை இருக்கும் வாய்ப்பு 5 மடங்குக்கு மேல் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதற்காகப் பூஞ்சை மட்டும்தான் காரணம் என்றாகிவிடாது, பூஞ்சைக்கு மருந்து போட்டால் சொத்தை நின்றுவிடும் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரையை நிறுத்துவதுதான் இருவரின் பிடியையும் தளர்த்தும்.

புட்டியை ஒரே நாளில் பிடுங்கினால் வீடு இரண்டாகிவிடும். தினம் கொஞ்சம் சர்க்கரையைக் குறையுங்கள், பிறகு தண்ணீரைக் கூட்டுங்கள், இரண்டு வாரத்தில் புட்டியில் வெறும் தண்ணீர் இருக்கட்டும். பாலைத் தூங்குவதற்கு முன்பே டம்ளரில் கொடுத்து, பல் தேய்த்துவிட்டுப் படுக்க வையுங்கள். டீயில் தொட்ட பிஸ்கட்டை நாள் முழுக்கக் கடிக்கிற பழக்கம் இருந்தால் அதைச் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துவிடுங்கள், எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. 1000 பிபிஎம் ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்து, பெரியவர் ஒருவர் தேய்த்துவிட வேண்டும். அவன் கையில் கொடுத்தால் பேஸ்ட்டைச் சப்புவான், அவ்வளவுதான்.

பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முன்பல் 6, 7 வயதில் விழும், கடைவாய்ப் பால்பற்கள் 10, 12 வயதுவரை வேண்டும். சொத்தை பரவினால் வலியில் சாப்பிட மாட்டான், தூங்க மாட்டான், எடை ஏறாது. இந்த வாரமே காட்டுங்கள். குழி எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்து, டிரில் போடாமலே சொத்தையை நிறுத்துகிற சில்வர் டையமைன் ஃப்ளோரைடு தடவலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. தடவிய இடம் கருப்பாகிவிடும், அதை மட்டும் முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பார்த்துப் பயந்துவிடுவீர்கள்.

இந்தக் கூட்டு வாயோடு நிற்பதில்லை என்பதால் ஒரு வார்த்தை. சிறுநீர்க் குழாய், சர்க்கரைப் புண் வந்த கால், ஐசியூவில் மூச்சுக்குப் போடுகிற குழாய் என்று ஈரமும் பரப்பும் கிடைக்கிற இடத்திலெல்லாம் பாக்டீரியாவும் பூஞ்சையும் சேர்ந்து படலம் கட்டும். குடலிலும் உண்டு. குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோயாளிகளிடம் ஒரு கேண்டிடாவும் இரண்டு பாக்டீரியாக்களும் சேர்ந்து தடித்த படலம் கட்டுவதை 2016-ல் மஹ்மூத் கன்னூம் குழு எழுதியது. எல்லா இடத்திலும் நட்பும் இல்லை. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா கேண்டிடாவின் நூலைக் கொன்றுவிடும், அதே கேண்டிடா உருண்டை வடிவில் இருந்தால் விட்டுவிடும். அதனால் வாயில் இருப்பதையெல்லாம் கொன்று துடைத்தால் நல்லது என்று நினைத்து மவுத்வாஷை மாதக்கணக்கில் கொப்பளிக்காதீர்கள். அங்கே குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள், கெட்டவர்களுக்கு இடம் கொடுக்காமல் தடுப்பவர்கள்.

காத்திருக்கக் கூடாத சில அறிகுறிகள் உண்டு. விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலித்தால், காய்ச்சல் வந்தால், துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டோ மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத சிவப்போ புண்ணோ இருந்தால், அதுவும் வெற்றிலை, புகையிலைப் பழக்கம் இருந்தால், பூஞ்சை என்று நினைத்துக்கொண்டிருக்காமல் உடனே காட்டுங்கள். பிள்ளைக்குக் கன்னமோ உதடோ வீங்கினால் அன்றைக்கே வர வேண்டும்.

இன்று சாயங்காலம் அத்தையை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, டார்ச் அடித்து அண்ணத்தைப் பார்த்துப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் உட்கார வைத்து இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் அவருக்கும் காட்டுங்கள், அவர் வாயை அவரே பார்த்ததில்லை. மருத்துவமனைக்கு வரும்போது செட்டைக் காயவிடாமல் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் கொண்டுவாருங்கள், இருவரின் மாத்திரை அட்டைகளும் பம்ப்பும் பையில் இருக்கட்டும். அதற்கு முன்னால் இன்று ராத்திரி சோற்றைப் பிசைந்து கிண்ணத்தில் போட்டு, ஸ்பூனை ஆயா கையில் கொடுத்துவிடுங்கள்.